இறையியல் வகுப்பறையில் உரையாடல்: மாணவரின் பேச்சாற்றல் வளரும் வழி

1. முன்னுரை

இறையியல் மாணவர் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. திருச்சபை அவர்களைக் கல்லூரிக்கு அனுப்புகையில் எதிர்பார்ப்பது அதுவே. பட்டம் பெற்றுத் திரும்புகையில் முதலாவது சோதித்துப் பார்ப்பதும் அதுவே. "புதிய ஐயர் எப்படிப் பிரசங்கிக்கிறார்?" என்பதன்றோ சேகரத்தாரின் முதல் வினா? ஆனால் இவ்வாற்றலை எங்கே, எவ்வாறு வளர்ப்பது என்பதில் நம் கல்லூரிகள் போதிய சிந்தனை செலுத்தவில்லை. அருளுரைப் பயிற்சிக்கென ஒரு வகுப்பை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை ஒவ்வொரு மாணவரையும் பதினைந்து நிமிடம் பேசச்செய்து, பின்பு குறைகளை எடுத்துக் கூறிவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். ஏனைய பாடங்கள் அனைத்திலும் அவர்கள் வாய்மூடிக் குறிப்பெழுதுகிறார்கள்.

ஒரு போதகரின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போமாக. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் அவர் பேசுவது அரை மணி நேரம். மற்ற நாட்களில் அவர் மருத்துவமனைக் கட்டிலருகே நின்று பேசுகிறார். சாவு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுகிறார். கணவன் மனைவியரின் பிணக்கைக் கேட்கிறார். கமிட்டியில் எழும் கோபத்துக்கு விடை சொல்கிறார். தேநீர்க்கடையில் வேற்றுச் சமய அயலாரோடு உரையாடுகிறார். இவ்விடங்களில் முன்னரே எழுதிவைத்த உரை பயன்படாது. எதிரிலிருப்பவர் கூறுவதைக் கேட்டு, அதற்கேற்ற சொல்லை அந்நேரத்திலேயே தேடிக் கூற வேண்டும். இதற்கு நாம் அளிக்கும் பயிற்சி யாது?

இக்கட்டுரை கூற விழைவது ஒன்றே. பேச்சாற்றல் செவியில் தொடங்குகிறது. தான் பேசுவதை ஒருவர் பொறுமையோடு கேட்டார் என்னும் அனுபவமும், பிறர் பேசுவதைக் கேட்டு மறுமொழி தரும் பழக்கமும் வகுப்பறையில் நாள்தோறும் வாய்க்க வேண்டும். அவை வாய்க்காதவிடத்து, மேடைப்பயிற்சி மட்டும் நல்ல ஊழியரை உருவாக்கிவிடாது.

2. ஓர் ஒப்புதல்

இக்கருத்துக்கு நான் வந்த வழியைக் கூறுவது தகும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஏழையை விலைக்கு வாங்கும் வணிகரைப் பற்றிய பகுதி வந்தபோது, இதன் பொருள் யாதென வகுப்பை வினவினேன். கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அவர் கூலிவேலை செய்யும் பெற்றோரின் மகன். தம் ஊரில் நெல் அளக்கும் மரக்காலைப் பற்றித் தம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லத் தொடங்கினார். இரண்டாம் வாக்கியத்தில் அவர் உச்சரித்த ஒரு சொல்லை நான் திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வாண்டு முழுவதும் அவர் என் வகுப்பில் மீண்டும் வாய்திறக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. விடைத்தாளில் நல்ல மதிப்பெண் பெற்றார், அதுவே போதுமென்றிருந்தேன்.

சில ஆண்டுகளுக்குப்பின் அவருடைய சபைக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. சனிக்கிழமை மாலை, ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் அவர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். சொற்கள் எளியவை, ஒவ்வொன்றும் அத்தாயின் துயரத்துக்குரிய சொல். மறுநாள் காலை பீடத்தில் ஏறியதும் அவர் வேறொருவர் ஆனார். குரல் மாறியது. யாரோ ஒரு பிரசங்கியாரின் ஏற்ற இறக்கங்கள் வந்தன. என் வகுப்புக் குறிப்புகளிலிருந்த வாக்கியங்கள் அப்படியே ஒலித்தன. சபையார் மரியாதையோடு அமர்ந்திருந்தனர். அம்மூதாட்டி உறங்கிக்கொண்டிருந்தார்.

அவரிடத்தில் பேச்சாற்றல் இல்லாமலில்லை. அந்த ஆற்றலுக்கும் அவர் கற்ற இறையியலுக்கும் இடையே ஒரு சுவர் எழுந்திருந்தது. அதன் முதற்கல்லை வைத்தவன் நான். நெல் மரக்காலைப் பற்றி அவர் கூற வந்ததை நான் கேட்டிருந்தால், ஆமோசின் செய்தியை அவ்வகுப்பு முழுவதுமே நன்கு விளங்கிக்கொண்டிருக்கும்.

3. உரையாடல் எது?

"நான் வினாக்கள் கேட்டே கற்பிக்கிறேன், ஆகவே என் வகுப்பில் உரையாடல் நிகழ்கிறது" என்று கூறும் ஆசிரியர் பலர். வினா எழுப்புதல் எல்லாம் உரையாடல் ஆகிவிடாது. வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான வகுப்புகளில் மூன்று படிகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டனர். ஆசிரியர் வினவுகிறார், மாணவர் ஒருவர் சுருக்கமாக விடையளிக்கிறார், ஆசிரியர் "சரி" அல்லது "தவறு" எனத் தீர்ப்பளிக்கிறார். இங்கிலாந்தில் சிங்கிளேரும் கூல்தார்டும் 1975-லும், அமெரிக்காவில் ஹியூ மேகன் 1979-லும் வெளியிட்ட நூல்கள் இதனைத் தெளிவாக்கின. இம்முறையில் ஆசிரியருக்கு விடை முன்னமே தெரியும். மாணவர் செய்வதெல்லாம் அவர் மனத்திலுள்ள சொல்லை ஊகிப்பதே. ஒரு சொல்லோ இரு சொல்லோ கூறியதும் அவர் பணி முடிந்துவிடுகிறது. ஒரு கருத்தைத் தொடங்கி, காரணம் காட்டி, எதிர்ப்புக்கு விடைகூறி முடிக்கும் பயிற்சி அவருக்குக் கிட்டுவதில்லை.

நம் திருச்சபை வினாவிடை முறையில் நெடுங்காலம் பழகியது. மார்ட்டின் லூத்தர் 1529-ல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் வினாவும் விடையுமாய் அமைந்தது. விசுவாசத்தின் அடிப்படைகளைப் பிள்ளைகளின் நினைவில் பதிப்பதற்கு அதனினும் சிறந்த கருவி அரிது. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் அங்கே விடையும் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. மனப்பாடம் நினைவை வளர்க்கும். சொந்தச் சொல்லில் பேசும் ஆற்றலை வளர்க்க மற்றொரு முறை வேண்டும்.

உரையாடல் என்பது, ஆசிரியரும் மாணவரும் ஒரு பொருளின்முன் ஒன்றாக நின்று, ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டு, அதனால் தம் கருத்து மாறவும் இடங்கொடுத்துப் பேசுவது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரேயரே, ஒடுக்கப்பட்டோரின் கல்வியைப் பற்றிய தம் நூலில், மாணவரை வெறும் பாத்திரமாகக் கருதி அறிவை நிரப்பும் முறையை வங்கியில் பணம் போடுவதற்கு ஒப்பிட்டார். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1970-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கல்விப் பணியில் சேர்ந்தார் என்பது நமக்குக் கருதத்தக்கது. பேச்சிழந்த மக்கள் தம் சொல்லைத் தாமே சொல்லக் கற்பதே கல்வி என்பது அவருடைய துணிபு.

4. திருமறை காட்டும் வழி

ஆண்டவரின் இளமைப்பருவத்தைப் பற்றி நற்செய்தி நூல்கள் கூறுவது மிகக் குறைவு. அந்தக் குறைவான செய்தியிலும் ஒரு வகுப்பறைக் காட்சி இடம்பெற்றிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அவர் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கவும் அவர்களை வினவவும் கண்டார்கள் (லூக்கா 2:46). கேட்டல் முதலாவது வருகிறது. வினாவும் விடையும் அதன்பின் வருகின்றன. பிற்காலத்தில் நியாயசாஸ்திரி ஒருவன் அவரைச் சோதிக்க வந்தபோது, அவர் விடையை உடனே கூறவில்லை. நியாயப்பிரமாணத்தில் நீ வாசிக்கிறது என்னவென்று அவனையே வினவினார் (லூக்கா 10:26). எம்மாவுக்குச் செல்லும் வழியில், உயிர்த்தெழுந்தவராகிய அவருக்கு நடந்தவை யாவும் தெரிந்திருந்தும், சீடர் இருவரும் தங்கள் துக்கத்தைத் தாங்களே முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார் (லூக்கா 24:17-24). அதற்குப் பின்னரே வேதவாக்கியங்களை விளக்கினார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி பயன்தரும். எம்மாவு வழியில் சீடர் தம்முள் பேசிக்கொண்டதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் 'ஹோமிலேயோ' என்பது. கூடிப் பேசுதல் என்பது அதன் பொருள். மேலைமொழிகளில் அருளுரையையும் அருளுரைக் கலையையும் குறிக்கும் சொற்கள் இதிலிருந்தே பிறந்தன. ஆகவே அருளுரை என்பது தன் பெயரளவில் உரையாடலின் பிள்ளை. துரோவாவில் பவுல் நள்ளிரவுமட்டும் பேசியதைக் கூறும் பகுதியில் இச்சொல்லும் (அப்போஸ்தலர் 20:11), 'தியலெகோமாய்' என்னும் வேறொரு சொல்லும் (20:7) வருகின்றன. பின்னைய சொல் கருத்துகளை எடுத்துரைத்து வாதித்தலைக் குறிக்கும். எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் பவுல் இரண்டு ஆண்டுகள் செய்துவந்ததும் இதே சொல்லால் குறிக்கப்படுகிறது (19:9-10). சபை வரலாற்றின் முதல் வகுப்பறைகளுள் ஒன்றில் நடந்தது எதுவென லூக்கா நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் மேலாக என்னைத் தொட்ட வசனம் ஏசாயா 50:4. இளைப்படைந்தவனுக்கு ஏற்ற சொல்லைச் சொல்லும்படி கர்த்தர் தம் ஊழியனுக்கு நாவை அருளுகிறார். அந்த நாவும், காலைதோறும் கேட்கும்படி எழுப்பப்படுகிற செவியும், எபிரேயத்தில் ஒரே சொல்லால் அடைமொழி பெறுகின்றன: 'லிம்முதீம்', அதாவது கற்பிக்கப்படுகிறவர்கள். நாவுக்கும் செவிக்கும் பள்ளி ஒன்றே. கற்கும் செவியில்லாதவனுக்குக் கற்ற நாவு வாய்ப்பதில்லை.

5. தமிழ் மரபின் சான்று

உரையாடல் முறை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் நன்னூலின் பாயிரத்தை மீண்டும் நோக்குவாராக. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதனை இயற்றிய பவணந்தி முனிவர் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு நிறைகிறது. எஞ்சிய பாதி, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைகிறது. இக்கணக்கின்படி, ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பு, எவ்வளவு சிறந்ததாயினும், முக்காற்பங்கு கல்வியை வெளியே நிறுத்திவிடுகிறது.

திருவள்ளுவரும், கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க இயலாதவரை மணமற்ற பூங்கொத்துக்கு ஒப்பிடுகிறார் (குறள் 650). அவையஞ்சாமை அதிகாரத்தில் அவர் கூறும் கல்வியின் பயன், அவையில் அஞ்சாது விடை கொடுத்தல் (குறள் 725). சொற்பொழிவாற்றுவதைக் கூறாமல், எதிர்வரும் சொல்லுக்கு மாற்றம் கொடுப்பதையே அவர் அங்கே குறிப்பிட்டிருப்பது நம் கவனத்துக்குரியது.

சீர்திருத்தத் திருச்சபையின் முதல் மிஷனெரியாக 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க், தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதித் தமிழ் கற்றார். அவரும் உடனூழியரும் இந்நாட்டாருக்கு வினாக்கள் எழுதியனுப்பி, அவர்கள் தம் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றித் தமிழில் எழுதிய விடைக்கடிதங்களை 1712 முதல் 1714 வரை ஜெர்மானியத்தில் பெயர்த்தனுப்பினர். அறிவிக்க வந்தவர்கள் முதலில் வினவிக் கேட்கவேண்டியிருந்தது.

6. மாணவர் மௌனத்தின் காரணங்கள்

நம் வகுப்பறைகளில் மாணவர் பேசாதிருப்பதற்குக் காரணம் கூச்சம் என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். காரணங்கள் ஆழமானவை.

முதலாவது, தமிழின் இரட்டை வழக்கு. ஒரே மொழியில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வழக்கும், வீட்டுக்கும் தெருவுக்கும் வேறு வழக்கும் இருப்பதை மொழியியலார் ஃபெர்குசன் 1959-ல் விரித்து ஆராய்ந்தார். தமிழ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நம் மாணவருக்கோ மூன்றாவதாக வேதாகமத் தமிழும் இருக்கிறது. வகுப்பில் வாய்திறந்தால் செந்தமிழில்தான் பேச வேண்டும் என்று எண்ணும் மாணவர், கருத்தைத் தேடுவதற்குள் சொல்லைத் தேடிக் களைத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் இச்சுமை இருமடங்காகிறது.

இரண்டாவது, சமுதாயம் கற்பித்த மௌனம். பெரியோர்முன் பேசலாகாது என்று வளர்க்கப்பட்ட பெண்களும், உயர்ந்தோர் எனப்பட்டவர்முன் கைகட்டி நின்ற தலைமுறைகளின் பிள்ளைகளும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். "யாராவது கேள்வி உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால், எப்போதும் பேசுகிற நால்வரே பேசுவர். மற்றவர்கள் தங்களுக்குரிய இடம் இன்னும் மௌனமே என்று மீண்டும் கற்றுக்கொள்வர்.

மூன்றாவது, ஆசிரியரின் அவசரம். அமெரிக்கப் பள்ளிகளில் மேரி பட் ரோ நடத்திய ஆய்வுகளில், ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு வினாடியே காத்திருந்ததாகக் கண்டார். மூன்று வினாடிகளோ அதற்கு மேலோ காத்திருக்கப் பழகியபோது விடைகள் நீண்டன. விடையளிக்கத் தவறியோர் குறைந்தனர். மந்தமானோர் என்று கருதப்பட்டோரும் பேசத் தொடங்கினர். இவ்வாய்வை அவர் 1974-ல் வெளியிட்டார். இரண்டு வினாடி மௌனத்தைத் தாங்கமாட்டாத நாம், எத்தனை பேருடைய நாவைக் கட்டிவைத்தோமோ!

7. சில செயல்முறைகள்

இம்முறைகளுக்குத் தனிப் பாடவேளையோ செலவோ தேவையில்லை. எந்தப் பாடத்திலும் இவற்றைக் கையாளலாம்.

(அ) இருவர் இருவராகப் பேசச்செய்தல். ஐம்பது நிமிட வகுப்பில் இருபது மாணவர் இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசினால் எஞ்சிய பத்து நிமிடம் ஆளுக்கு அரை நிமிடமாகும். அதே பத்து நிமிடத்தில் அனைவரும் இருவர் இருவராகப் பேசினால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிட்டுகிறது. முதலில் ஒரு நிமிடம் தனித்துச் சிந்தித்து, பின்பு இருவராகப் பேசி, அதன்பின் வகுப்புக்கு அறிவிக்கும் இம்முறையை பிராங்க் லைமன் 1981-ல் விளக்கினார். அயலானிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த கருத்தை அவையில் சொல்ல அச்சம் குறைகிறது.

(ஆ) முதலில் பேச்சுத் தமிழ், பின்னர் எழுத்துத் தமிழ். கருத்தை உருவாக்கும்போது மாணவர் தம் ஊர்ப் பேச்சில் தடையின்றிப் பேசட்டும். கருத்து தெளிந்தபின், "இதையே சபையில் வாசிக்கும் அறிக்கையாகச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். மறுபடியும், "இதையே எழுத்தறியாத ஒரு பாட்டிக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். ஒரு வழக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இத்திறமையே தமிழ்ப் போதகருக்கு மிக இன்றியமையாதது. டக்ளஸ் பார்ன்ஸ் என்னும் கல்வியாளரும் 1976-ல், தட்டுத்தடுமாறி ஆராயும் பேச்சு வேறு, முடிந்த கருத்தை எடுத்துவைக்கும் பேச்சு வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னையதற்கு இடங்கொடாமல் பின்னையதை எதிர்பார்த்தல் வீண்.

(இ) மறுமொழிக்குமுன் மீட்டுரைத்தல். ஒருவர் பேசியபின் மறுப்புக் கூற விரும்புபவர், "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று அக்கருத்தைத் தம் சொல்லில் கூறி, அவர் ஒப்புக்கொண்டபின்னரே தம் கருத்தைச் சொல்ல வேண்டும். முதல் சில நாட்களில் இது சலிப்பூட்டும். சில வாரங்களில் வகுப்பின் தன்மையே மாறும். கமிட்டிக் கூட்டங்களில் அமரப்போகிறவர்களுக்கு இதனினும் தேவையான பயிற்சி யாதுளது?

(ஈ) புளியங்கொட்டை முறை. விவாதத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு புளியங்கொட்டைகள் தருக. ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். அதிகம் பேசுவோர் தம் சொல்லை அளந்து பயன்படுத்துவர். பேசாதோர் கையில் இருக்கும் கொட்டை அவர்களுக்கு உரிய இடத்தை நினைவூட்டும். பேசும்படி எவரையும் வற்புறுத்த வேண்டாம்; ஆனால் இடம் காலியாக இருக்கட்டும்.

(உ) சந்திப்புப் பயிற்சி. ஒருவர் போதகராகவும் ஒருவர் நோயாளியாகவும் மூன்றாமவர் கவனிப்பவராகவும் இருந்து ஐந்து நிமிடம் பேசுக. கவனிப்பவர் இரண்டைக் குறித்துக்கொள்வார்: போதகர் எத்தனைமுறை இடைமறித்தார்? நோயாளி சொன்ன எந்தச் சொல்லை அவர் கேளாமல் விட்டார்?

(ஊ) திருத்தும் முறை. மாணவர் பேசும்போது இடைமறித்து உச்சரிப்பையோ இலக்கணத்தையோ திருத்தலாகாது. கருத்துக்கு முதலில் மறுமொழி கூறுக. பிழைகளைக் குறித்துவைத்துப் பின்பு தனியாகவோ, பெயர் சுட்டாமல் பொதுவாகவோ கூறுக. இதை நான் விலைகொடுத்துக் கற்றேன்.

8. ஓர் எடுத்துக்காட்டு

பிலேமோனுக்கு எழுதின நிருபம் இருபத்தைந்தே வசனங்களைக் கொண்டது. ஒரு வகுப்பில் முழுவதையும் வாசித்து முடிக்கலாம். ஒநேசிமு என்னும் அடிமையை அவனுடைய எஜமானனிடம் பவுல் திருப்பி அனுப்புகிறார். அவனை விடுதலை செய்யும்படி பவுல் கேட்கிறாரா என்பதில் வேத அறிஞர்கள் இன்றளவும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆகவே இவ்வினா உண்மையான வினா. ஆசிரியர் கையில் முடிந்த விடை இல்லை. ஒரு வகுப்பில் நிகழ்ந்த உரையாடலின் பகுதி, நினைவில் உள்ளபடி, இதோ:

ஆசிரியர்: பவுல் விடுதலை கேட்கிறாரா, இல்லையா? வசனத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

முதல் மாணவர்: பதினாறாம் வசனத்துல கேட்டிருக்காரு ஐயா. இனிமே அடிமையா இல்ல, சகோதரனா ஏத்துக்கோன்னு சொல்றாரு.

மாணவி ஒருவர்: அண்ணன் சொல்றது, அந்த வசனத்துலயே விடுதலை இருக்குன்னு. எனக்கு அப்படித் தோணல. அண்ணன் தம்பின்னு சொல்லிக்கிட்டே கூலி குறைச்சுக் குடுக்கிறவங்க எங்க ஊர்ல இருக்காங்க. பவுல் ஏன் நேராச் சொல்லல?

ஆசிரியர்: (சற்றுக் காத்திருந்து) வேறு யாரும்?

மூன்றாம் மாணவர்: ரெண்டாம் வசனத்துல, அந்த வீட்டுல கூடுற சபைக்கும் சேர்த்துத்தானே எழுதியிருக்கு? எல்லார் முன்னாலயும் வாசிச்சா பிலேமோன் எப்படி மறுப்பாரு? அதனாலதான் நேராச் சொல்லாம விட்டிருக்காரு.

மாணவி: அப்போ ஒநேசிமுவும் அங்கதான நின்னிருப்பான்? அவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கலியே.

அதன்பின் வகுப்பு சில கணம் அமைதியாயிருந்தது. அந்நிருபத்தில் ஒநேசிமுவின் குரல் ஒருமுறையேனும் ஒலிக்கவில்லை என்பதை நான் பல ஆண்டுகள் கற்பித்தும் அவ்வளவு கூர்மையாக உணர்ந்ததில்லை. அடுத்த வகுப்புக்கு, ஒநேசிமுவின் வாய்மொழியாக மூன்று நிமிடம் பேச ஆயத்தம் செய்து வரும்படி கூறினேன். அவ்வுரைகளில் மனப்பாட வாக்கியங்கள் மிகக் குறைவு. பிரபல பிரசங்கியாரின் குரலை எவரும் நடிக்கவில்லை. சொல்லவேண்டியது ஒன்று உள்ளத்தில் இருந்ததால் குரல் அவரவர் குரலாகவே இருந்தது.

9. எழக்கூடிய ஐயங்கள்

பாடத்திட்டம் முடியாதே என்று ஆசிரியர் அஞ்சலாம். இவ்வச்சம் நியாயமானதே. கிரேக்க வினைத்திரிபுகளையும் சபை வரலாற்றின் காலவரிசையையும் உரையாடலால் கண்டுபிடிக்க இயலாது. அவற்றை ஆசிரியர் கூறவும் மாணவர் மனங்கொள்ளவும் வேண்டும். அறிவின்றி நிகழும் உரையாடல் வெறும் அரட்டையாகும். ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் என்று தொடங்குவது போதும். கூறவேண்டியவற்றில் ஒரு பகுதியை அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அந்த நேரம் எளிதில் கிட்டும்.

தவறான உபதேசம் எழுந்தால் என் செய்வது என்று வினவலாம். தவறு மாணவரின் உள்ளத்தில் இருக்குமாயின், அது வகுப்பில் வெளிப்படுவது நலம். அங்கே அதனை ஆராய்ந்து திருத்த ஆசிரியரும் நண்பரும் உளர். மௌனத்தில் மறைந்திருந்து பீடத்தில் வெளிப்பட்டால் திருத்துவார் யார்?

ஆசிரியரின் மதிப்புக் குறையுமே என்பது வெளியில் சொல்லப்படாத ஐயம். "இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று ஆசிரியர் சொல்லக் கேட்ட மாணவர், நாளை தம் சபையில் அவ்வாறு சொல்லத் துணிவார். அத்துணிவுள்ள போதகரைச் சபை நம்பும்.

10. முடிவுரை

ஜெர்மனியில் பின்கன்வால்டே என்னும் ஊரில் 1935 முதல் 1937 வரை போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்திய டீட்ரிக் போன்ஹோபர், அவ்வனுபவத்திலிருந்து எழுதி 1939-ல் வெளியிட்ட நூலில், கிறிஸ்தவக் கூட்டுவாழ்வில் ஒருவர் மற்றவருக்குச் செய்யவேண்டிய முதல் ஊழியம் செவிகொடுத்தல் என்கிறார். சகோதரனுக்குச் செவிகொடாதவன் விரைவில் கடவுளுக்கும் செவிகொடாதவனாவான் என்பது அவருடைய எச்சரிக்கை. போதகரை உருவாக்கும் பள்ளியிலிருந்தே இவ்வெச்சரிக்கை வந்தது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

நம் சபைகளில் பெரும்பாலான மக்கள் பேசுவதில்லை. ஞாயிறுதோறும் வருகிறார்கள், கேட்கிறார்கள், போகிறார்கள். அவர்களுடைய ஐயங்களும் துயரங்களும் பீடத்தை எட்டுவதில்லை. வகுப்பறையில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் மௌனமாய் அமர்ந்திருந்தவர், தம் சபையையும் அவ்வாறே அமரச்செய்வதில் வியப்பென்ன? தாம் கண்ட கல்வி அதுவே. மாறாக, தம் தடுமாறும் சொல்லுக்கு ஓர் ஆசிரியர் காத்திருந்ததை அறிந்த ஊழியர், மூதாட்டி ஒருவரின் தடுமாறும் சொல்லுக்குக் காத்திருப்பார். அவருக்குரிய சொல்லையும் கண்டடைவார். அந்தச் சொல்லையே ஞாயிறு காலை பீடத்துக்கும் எடுத்துச்செல்வார்.

அடுத்த வகுப்பில் ஒரு வினாவை எழுப்பிவிட்டு, உடன் ஆசிரியர்களே, மூன்று வினாடி காத்திருங்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழக்கூடும். காலைதோறும் செவியைத் திறக்கிற கர்த்தர், அவர் சொல்வதைக் கேட்க நமக்கு அருள்புரிவாராக.